அத்தானுக்கு ‘வீடு’ என்று சொல்லிக்கொடுத்தது

நெய்யாற்றின்கரையில் நில வழக்கு விசாரிக்கிற ஆபீசின் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, மதிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில்தான் என் கடை. கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு மண்பானை, நாலு கண்ணாடி கிளாஸ். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் போஞ்சி என்று பேர். உப்பு போட்டும் கொடுப்பேன், சீனி போட்டும் கொடுப்பேன். வழக்குக்கு உள்ளே போகிறவன் சீனி கேட்பான். வெளியே வருகிறவன் உப்பு கேட்பான். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பயந்த நாக்குக்கு இனிப்பு வேண்டியிருக்குமோ என்னவோ.

பழம் எடுக்கப் பாறசாலைச் சந்தைக்குப் போவேன். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிற சின்னப் பழம்தான் நல்லது, தோல் மெல்லிசு. பெரிய பழம் பார்க்க அழகாக இருக்கும், பிழிந்தால் கைவலிதான் மிச்சம். இது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம். ஆனால் பழத்தின் மணத்தை விட்டுவிட்டு எனக்கு அந்த ஜன்னலை நினைக்க வராது.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. எழுத்துக்கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல், பஸ் போர்டைப் பார்த்து. அதனால் முதலில் மலையாள எழுத்து வந்தது, வீட்டில் பேசுகிற தமிழுக்கு எழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது. நான் சொல்லவருகிற காலத்தில் இரண்டும் தெரியாது. ஆனால் காது நல்ல காது. ஜன்னல் வழியாக விழுந்ததைக் கேட்டுக் கேட்டு, ஆபீசர் என்ன கேட்பார், எதற்குப் பிறகு எதைக் கேட்பார் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. எத்தனை வருஷமாக இருக்கிறாய், வீடு உண்டா, யார் கட்டியது, வேறே எங்கேயாவது நிலம் உண்டா. சில நாள் அவர் கேட்பதற்கு முன்னாலேயே பழத்தைப் பிழிந்துகொண்டு நான் கேட்டுவிடுவேன்.

குடிகிடப்பு என்ற சொல்லை எல்லோரும் வாயில் போட்டு மென்ற காலம் அது. அடுத்தவன் விளையில், அதாவது தோட்டத்து நிலத்தில், குடிசை போட்டுக் கிடக்கிறவனுக்கு, குடிசை நிற்கிற பத்து சென்ட் சொந்தமாகும் என்று சட்டம் வந்திருந்தது. அந்தக் குடிசை வீடுதான் என்று ஆபீசர் எழுதவேண்டும், அவ்வளவுதான். எளிதாகத் தெரிகிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த மண்ணில் கிடந்தவர்கள் உள்ளே போய் இரண்டு சொல் சொல்லத் தெரியாமல் வெளியே வந்து, என் பெட்டியின் மேல் உட்கார்ந்து உப்புப் போட்ட போஞ்சி குடிப்பதை நான் வாரத்துக்கு நாலு தடவையாவது பார்த்தேன். பதில் தெரியாமல் தோற்றவர்களை நான் பார்த்ததில்லை. தெரிந்த பதில் வாய்க்கு வராமல் தோற்றவர்கள்தான் எல்லோரும்.

ஒரு நாள் என் அக்கா வந்தாள். எங்கள் ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கையில் ஒரு காகிதம்.

“எலே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு.”

“எனக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா அக்கா?”

“ஆபீசுக்குக் கீழ இத்தன நாளா இருந்து என்னவாக்கும் பண்ணுத? போஞ்சி கலக்குததுக்குத் தலைக்குள்ள ஒண்ணும் வேண்டாம் போல.”

பக்கத்துக் கொட்டகையில் இருந்த ஆதாரப் பத்திரம் எழுதுகிறவர் வாங்கிப் படித்துச் சொன்னார். அக்காவும் அத்தானும் இருக்கிற குடிசை வீடே அல்ல, மரச்சீனிக் கிழங்கைப் பன்றி தோண்டாமல் இருக்க நிலத்துக்காரர் போட்டுக்கொடுத்த காவல்மாடம் என்று நிலத்துக்காரரின் காரியஸ்தன் எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாம் வெள்ளிக்கிழமை அத்தான் நேரில் வந்து பதில் சொல்லவேண்டும். பதில் சரியாக இருந்தால் குடிசையும், முன்னால் நிற்கிற பிலாமரமும், பத்து சென்டும் அவர்களுக்கு. காவல்மாடம் என்று ஆகிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும்.

“முப்பது வருஷமா நாங்க காவல் காத்தோமாம்,” என்றாள் அக்கா. “நாலு பிள்ளையைப் பெத்ததும் காவலுக்குத்தான் போல.”

“உப்பா, சீனியா?” என்றேன்.

“ரெண்டையும் போடு.”

குடித்து முடித்துவிட்டு கிளாசை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “ஆபீசருக்க முன்ன அந்த மனுஷன் வாயைத் தொறந்தா என்ன வரும்னு உனக்குத் தெரியுமில்லியா?”

தெரியும். அதுதான் பயம்.

அத்தான் ஆள் பெரிய ஆள். முட்டவருகிற காளையின் கொம்பைப் பிடித்து நிறுத்துவார். கிணறு இடிந்து விழுகிறபோது உள்ளே இறங்கி ஆளைத் தூக்கியிருக்கிறார். ஆனால் வெள்ளை உடுத்த ஒருவர் எதிரே வந்தால் போதும். தோளில் கிடக்கிற தோர்த்துத் துண்டு கக்கத்துக்குள் போய்விடும். முதுகு வளையும். கை வாயைப் பொத்தும். பழைய நிலத்துக்காரர் காலத்தில் எங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அவர் முன்னால் நம்முடைய சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, வீட்டை வீடு என்று சொல்லக்கூடாது. குப்பமாடம், அதாவது குப்பைக் குடிசை, என்றுதான் சொல்லவேண்டும். வீடு என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் உரிமை. எத்தனையோ தலைமுறை அப்படிச் சொல்லிச் சொல்லி, அது பொய் என்றோ தாழ்வு என்றோ யாருக்கும் தோன்றாமல், வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. பழைய நிலத்துக்காரர் செத்துப்போனார், மகன் பட்டணத்தில் இருந்தார், அத்தானுடைய முதுகுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

புது ஆபீசரோ பட்டணத்தில் வளர்ந்த சின்ன வயசுக்காரர். அவரிடம் போய், ‘அடியனுக்கு ஒரு குப்பமாடம் உண்டு’ என்றால் அவர் அதை அப்படியே எழுதிவிடுவார். காரியஸ்தன் எழுதிக் கொடுத்ததை அத்தானே வந்து ஒப்புக்கொண்டது போல இருக்கும்.

“நான் படிப்பிச்சுக் கொடுக்குதேன்,” என்றேன். “மூணு வாரம் உண்டே.”

“நீயா?” என்றாள். ஆனால் மறுநாள் நான் போனபோது பிலாமரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தை நான் பார்த்தது ஆட்டுக்குப் பின்னால் நின்றுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் வாத்தியார் ஒன்று சொல்வார், பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்வார்கள், நடுவில் கம்பு விழும். படிப்பிப்பது என்றால் இதுதான் என்று நினைத்து நானும் ஒரு வேப்பங்கம்பு ஒடித்துக்கொண்டு போனேன். அத்தானை விட நான் இருபது வயது சின்னவன்.

“சொல்லுங்க அத்தான். ஏமானே, எனக்கு வீடு உண்டு.”

“ஏமானே, எனக்கு வீடு உண்டு.”

ஏழு தடவை சொன்னார். எட்டாம் தடவை இன்னும் நன்றாகச் சொன்னார். வேலியோரம் நாலைந்து பேர் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே உரலின் மேல் ஏறி உட்கார்ந்து, குரலை மாற்றி, இந்த நிலத்தில் வீடு உண்டா என்று ஆபீசர் மாதிரி மலையாளத்தில் கேட்டேன்.

“ஈ பறம்பில் வீடுண்டோ?”

தோர்த்து கக்கத்துக்குள் போயிற்று. “அடியனுக்கு ஒரு குப்பமாடம் உண்டு ஏமானே.”

அடுக்களைப் பக்கத்திலிருந்து அக்கா பாய்ந்து வந்தாள். கையில் வாருகோல். “எது குப்பமாடம்? நித்தம் ரெண்டு நேரம் மெழுகுதேன். சிரட்டைக்கரி இட்டுத் தேய்ச்சு மொகம் தெரியப் போட்டிருக்கேன். எதைக் குப்பைன்னு சொல்லுதீரு?”

“நான் உன்னைச் சொல்லேல்ல. ஏமானுக்குச் சொன்னேன்.”

“ஏமானா வந்து மெழுகுதாரு?”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தரை கறுப்பாக மின்னும். சின்ன வயதில் எங்கள் அம்மா மெழுகுவதைப் பார்த்து எடுத்த கை. அந்த ஊரில் அக்கா வீட்டுத் தரையைப் பற்றி ஒருவரும் குறை சொல்லத் துணிய மாட்டார்கள்.

நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் குப்பமாடம். அக்கா மறுபடியும் வந்தாள், இந்தத் தடவை அகப்பையோடு. மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்து கம்பைத் தரையில் அடித்தேன். “ஒரு கழுதைக்குச் சொல்லியிருந்தா இதுக்குள்ள படிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டேன். வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் தோர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஆளைக் காணோம். அதற்கு மறுநாளும் காணோம். பொழியூரில் அவருக்கு ஒரு மீன்பிடிக்காரச் சேக்காளி உண்டு, மனசு சரியில்லை என்றால் அங்கேதான் போவார். பஸ் பிடித்துப் போனேன். கடற்கரையில் கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. அந்த வரிசையில் கடலோரக்காரர்களுக்கு நடுவில் ஒரு விளைக்காரனாக அத்தானும் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டு வரிசையில் இடம் விட்டார். நானும் கயிற்றைப் பிடித்தேன். பத்து இழுப்பில் உள்ளங்கை எரிந்தது. என் பக்கம் கயிறு தொய்ந்தது, முன்னால் இருந்தவன் தடுமாறினான், யாரோ என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. என் பின்னால் வந்து நின்று, “கையால இழுக்காத மக்கா. கயித்தை இடுப்போட சேத்துப் பிடிச்சிட்டுப் பின்னால நடந்து போ. நீ நடந்தா அது வரும்,” என்றார். பிறகு என்னை வரிசையின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போய், வந்து சேருகிற கயிற்றை வட்டமாகச் சுற்றிவைக்கிற இடத்தில் நிறுத்தினார். “புது ஆளுக்கு இதாக்கும் எடம். இங்க தப்பினா ஒருத்தனுக்கும் நட்டமில்ல. என்னையும் மொத நாளு இங்கதான் விட்டானுவ.”

வலை கரை ஏறியது. மீன் கொஞ்சம்தான், நெத்திலி. மணலில் உட்கார்ந்தோம்.

“எலே, எனக்கு அம்பத்தி ரெண்டு வயசாக்கும்,” என்றார். “நாலு பேரு பாக்க நீ என்னைக் கழுதைன்னு சொன்ன.”

“தப்புத்தான் அத்தான்.”

“இவனுவ எனக்கு வலை படிப்பிச்சப்பம் ஒருத்தனும் கம்பு எடுக்கல்ல.”

“உங்களைப் பாத்தா எவன் கம்பெடுப்பான்?”

அதற்குக் கொஞ்சம் சிரித்தார். திரும்பி பஸ்ஸில் வரும்போது நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப்பிள்ளை அடி வாங்கினால் அழுதுவிட்டு மறுபடி வந்து உட்காரும், அதற்குப் போக்கிடம் கிடையாது. வளர்ந்த ஆளுக்குப் போக்கிடம் உண்டு, பொழியூருக்குப் பஸ் உண்டு. அவன் வந்து நம் முன்னால் உட்காருவதே அவன் கொடுக்கிற பெரிய மரியாதை. எனக்கு இது கை எரிந்த பிறகுதான் விளங்கியது. வேப்பங்கம்பை அக்காவின் அடுப்பில் போட்டேன்.

அதன்பிறகு என்ன செய்வதென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அடுத்த நாள் நான் போனபோது அத்தான் உரலின் மேல் உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. “சரி, இன்னைக்கு நீங்க ஆபீசர், நான் நீங்க. கேளுங்க,” என்றேன்.

கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “இந்தப் பிலாவை எப்பம் வச்ச?”

எனக்குத் தெரியாது. “ரொம்ப நாளாச்சு ஏமானே.”

“ரொம்ப நாளுன்னா? எந்தப் பிள்ளை பொறந்த வருஷம்?”

“மூத்தது?”

“ரெண்டாவது. எழுதிக்கோ, பொய் சொல்லுதான்.” எழுத யாரும் இல்லாததால் ஒரு கோழியைப் பார்த்து அப்படிச் சொன்னார். “செரி, மழைக்குச் சாரல் எந்தப் பக்கமா அடிக்கும்? அம்மி எங்க கெடக்கு? தெக்குச் சுவரு எத்தன தடவை இடிஞ்சு கெட்டினது?”

ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “நீ கள்ளச் சாட்சியாக்கும். உன்னைப் பிடிச்சு உள்ள வைக்கணும்.” பிறகு அவரே எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். ஒரு மணி நேரம் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எட்டுத் தடவை சொல்லிக்கொடுத்த ஒற்றை வரியை விடப் பெரிய படிப்பு இந்த மனுஷனுக்குள் கிடக்கிறது என்று. அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. உள்ளே இருப்பது வெளியே வர வழி அடைத்துக்கொண்டு ஒன்று நிற்கிறது. அதைத் தள்ளினால் போதும்.

அது என்ன என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு கல்யாணத்துக்காக வாங்கியிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு நேரே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தான் வேலி கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். தோர்த்து கக்கத்துக்குள் போய்விட்டது. நான் கோவணம் கட்டி ஆடு மேய்த்த காலம் முதல் என்னைப் பார்க்கிறவர்.

“அத்தான், நானாக்கும்.”

கக்கத்தைக் குனிந்து பார்த்தார். தோர்த்தை எடுத்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எலே, அந்தச் சட்டையைக் கழத்து, அப்பம் பேசுதேன். எனக்க தோர்த்துக்கு உன்னை அடையாளம் தெரியல்ல.”

கழற்றிப் பிலாமரத்தின் தாழ்ந்த கொம்பில் மாட்டினேன். அது அப்படியே அங்கே கிடந்தது. வேலி கட்டிக்கொண்டே அத்தான் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, என்னிடம் இல்லை, அந்தச் சட்டையிடம், “என்ன ஏமானே, வெயிலு கடுப்பம்தான்” என்றார்.

சட்டையை நான் திரும்பக் கொண்டுபோகவில்லை. கல்யாணத்துக்குப் பழைய சட்டையில் போனேன். அடுத்த பத்து நாளும் அது அந்தக் கொம்பில் கிடந்தது. முதலில் தூரத்தில் நின்று பேசினார். அது ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு கிட்டே வந்தார். மரச்சீனி பிடுங்குகிறபோது, கஞ்சி குடிக்கிறபோது, தென்னையோலை முடைகிறபோது எல்லாம் அதோடு பேச்சுத்தான். காற்றடித்து அதன் கை ஆடினால், “அவசரப்படாதீரும் ஏமானே, சொல்லுதேன்” என்பார். கை வேலையில் இருக்கிறபோது அவருக்குப் பேச்சு நேராக வந்தது. அதனால் சும்மா நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை நானும் விட்டுவிட்டேன். ஓலை முடைந்துகொண்டிருக்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாதவன் கேட்பது போலக் கேட்பேன்.

“என்னைக் கெட்டிட்டு முப்பது வருஷமாச்சு,” என்றாள் அக்கா. “இந்தச் சட்டைகிட்ட பேசினதுல கால்வாசி எங்கிட்ட பேசினதில்ல.”

“அது குறுக்க பேசாதுல்லா,” என்றார் அத்தான்.

எல்லாம் வந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர. பிலாமரம் வந்தது, தெற்குச் சுவர் வந்தது. வீடுண்டோ என்று கேட்டால் மட்டும் பத்தில் மூன்று தடவை குப்பமாடம்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா எங்கே இருந்தாலும் வந்துவிடுவாள். ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், எப்படிக் காதில் விழும் என்று தெரியாது, ஈரக்கையோடு வந்து நிற்பாள். “எது?” என்று ஒரு சொல்தான் கேட்பாள். அத்தான் உடனே, “வீடு, வீடு, வீடாக்கும்” என்பார். பாடத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்.

“அக்கா, படிப்பு நடக்குத எடத்துல நீ வராத. அவரு வெப்ராளப்பட்டுப் பதறுதாரு.”

“நான் வரல்ல. அவரு எனக்க வீட்டைக் குப்பைன்னு சொல்லாம இருக்கட்டு.”

வெள்ளிக்கிழமை வந்தது. அத்தானுக்கு அந்த வெள்ளைச் சட்டையையே போட்டோம். எனக்குத் தைத்தது, அவருக்குப் பொத்தான் மாட்டவில்லை, ஆனால் அவர் கழற்ற மாட்டேன் என்றார். “இத்தன நாளு இதுகிட்ட பேசியிருக்கேன். இது எனக்க ஆளாக்கும்.” தோளில் தோர்த்தோடு அதை மாட்டிவிட்டது அக்கா. பஸ்ஸில் நான் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வயல்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபீசுக்கு வந்ததும் சீனி போட்டு ஒரு கிளாஸ் கொடுத்தேன். குடித்தார். பேர் விளித்தார்கள். உள்ளே போனார். நான் ஜன்னலுக்குக் கீழே. அக்கா என் மரப்பெட்டியின் மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பானை உடைந்துவிடும் என்று சொன்னேன். உடைந்தால் உடையட்டும் என்றாள். வாயைத் திறக்கக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஆபீசர் முதலில் பேர் கேட்டார், வயது கேட்டார். அதெல்லாம் சரியாக வந்தது. காரியஸ்தன் சுவரோரம் நின்றான், வேட்டி கொக்கு மாதிரி வெள்ளை. பிறகு எனக்கு மனப்பாடமான அந்தக் கேள்வி வந்தது.

“ஈ பறம்பில் வீடுண்டோ?”

எட்டிப் பார்த்தேன். அத்தானின் கை தோளுக்குப் போயிற்று. தோர்த்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார், தோர்த்தோடு சேர்ந்து சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் முதுகு வளைந்துவிட்டது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“அடியனுக்கு ஒரு குப்பமாடம் உண்டு ஏமானே.”

“கேட்டீங்களா,” என்றான் காரியஸ்தன். “அவனுக்க வாயாலேயே சொல்லியாச்சு. வீடு இல்ல.”

ஆபீசர் பேனாவை எடுத்தார். என் கையில் பாதி பிழிந்த பழம் இருந்தது. சாறு முழங்கை வழியாக ஒழுகியது, அதைக் கூடத் துடைக்கத் தோன்றவில்லை. மூன்று வாரம், சட்டை, கம்பவலை, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். அக்கா சத்தியத்தைக் காப்பாற்றினாள், வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

அத்தான் இன்னும் தோர்த்தை இழுத்துக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று தலையைத் திருப்பித் தோளைப் பார்த்தார். கறுப்பு நூலால் நாலு தையல் போட்டுச் சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தது. கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்தார். அக்காவின் தையலை அவருக்குத் தெரியாதா? அப்புறம், வேலி கட்டுகிறபோதும் ஓலை முடைகிறபோதும் பத்து நாளாகப் பழகியது போல, இந்தச் சொல்லைச் சொன்னதும் எந்தப் பக்கமிருந்து அவள் வருவாளோ என்று தேடினார். ஜன்னலில் கண்டார்.

முதுகு நிமிர்ந்தது.

“எழுதாதீங்க ஏமானே. வாய் தெற்றிப்போச்சு. வீடாக்கும்.”

ஆபீசர் பேனாவை நிறுத்தினார். முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

“அது மரியாதைக்குச் சொல்லுததாக்கும். பழைய ஏமானுக்க முன்ன வீடுன்னு சொன்னா அடி கிட்டும். இப்பம் குப்பமாடம்னு சொன்னா எனக்குக் கஞ்சி கிட்டாது. அந்தா ஜன்னல்ல நிக்குதாளே, அவ ரெண்டு நேரம் மெழுகுத வீடு. வேணும்னா அவகிட்ட கேளுங்க. கேக்காம இருக்கதுதான் உங்களுக்கு நல்லது.”

ஆபீசர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அங்கே இருந்த குமஸ்தாக்கள் அடக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தானை நிறுத்த முடியவில்லை. பிலாமரம் எந்தப் பிள்ளையோடு பிறந்தது, சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், தெற்குச் சுவர் எத்தனை தடவை விழுந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. சட்டையிடம் சொன்னதை விடச் சுருக்கமாகவும் இருந்தது. ஆபீசர் காரியஸ்தனைப் பார்த்து, காவல்மாடத்துக்குக் கதவு எத்தனை என்று கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான். இடத்தை நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி ஆபீசர் அன்றைக்கு முடித்தார்.

அத்தான் வெளியே வந்து உப்பும் கேட்கவில்லை, சீனியும் கேட்கவில்லை. “வெறும் வெள்ளம் தா மக்கா” என்றார். அக்கா பல்லால் தையலைக் கடித்து அறுத்தாள்.

“சொல்லியிருந்தா என்ன?” என்றார்.

“சொன்னா நீரு போட்டிருக்க மாட்டீரு.”

நான்தான் வாத்தியார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்கா வந்து பாடத்தைக் கெடுக்கிறாள் என்று அவளை வராதே என்று விரட்டியதும் நான்தான். பத்து நாளாக அங்கே நடந்த பாடம் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சட்டையோடு பேசியதில் பயம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன உடனே அவர் தலை திரும்பியதே, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் ஆபீசிலிருந்து ஒருவர் இடம் பார்க்க வந்தார். காரியஸ்தனும் கூட வந்தான். வந்தவர் சங்கிலி பிடித்து அளந்தார், பிலாமரத்தைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார். உள்ளே பார்க்கவேண்டும் என்றார். அக்கா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் வாசலில் ஒரு காலைத் தூக்கினார், அந்தத் தரையைப் பார்த்தார், காலைத் திரும்ப வைத்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். காரியஸ்தனும் என்ன நினைத்தானோ, தன்னுடையதையும் கழற்றினான்.

அத்தான் என் விலாவில் முழங்கையால் இடித்தார். “கண்டியா,” என்றார் மெதுவாக. “எழுதியாச்சு.”

அப்படியேதான் எழுதி வந்தது. பட்டயம் கைக்கு வர இன்னும் ரொம்ப காலம் ஆனது, அது வேறு கதை. ஆனால் அந்தச் செருப்புகள் இரண்டு ஜோடி வாசலில் கிடந்தபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு கொஞ்ச வருஷத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். ஆள் எடுக்கிறவர்கள் முன்னால் எப்படி நிற்பது, என்ன சொல்வது என்று கேட்டுக் கொத்தன்மாரும் தச்சன்மாரும் என் கடைக்கு வருவார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். நீ ஆள் எடுக்கிறவன், நான் கொத்தன், என்னைக் கேள் என்பேன். சுவர் பூசத் தெரியாத என்னைக் கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் சிரித்துச் சிரித்து, போகும்போது நிமிர்ந்து போவார்கள். கல்யாணமானவனாக இருந்தால், நாளைக்கு வரும்போது வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்புவேன்.

அக்காவின் இரண்டாவது மகன், அந்தப் பிலாமரத்தின் வயசுக்காரன், அவனும் போனான். திரும்பி வந்து அதே பத்து சென்டில் டெரஸ் வீடு கட்டினான். மரத்தை வெட்டாமல் சுவரை ஒதுக்கிக் கட்டினான். மொசைக் தரை. பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஊரே வந்தது. அத்தானுக்கு அப்போது முடி எல்லாம் நரைத்துவிட்டது. அளவெடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டை, தோளில் தோர்த்து. வாசலில் நின்று வருகிறவர்களை விளித்துக்கொண்டிருந்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். என்னைக் கண்டதும் அவர் கண் ஒரு பக்கமாகப் போயிற்று. உள்ளே அக்கா யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டார். தோர்த்தை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். முதுகை வளைத்தார். நல்ல சத்தமாகச் சொன்னார்.

“வாருங்க ஏமானே, வாருங்க. அடியனுக்க குப்பமாடத்துக்கு வாருங்க.”

உள்ளே பேச்சு நின்றது. அக்கா வெளியே வரவில்லை. அங்கிருந்தே சத்தம் மட்டும் வந்தது.

“செருப்பைக் கழத்திட்டு வரச் சொல்லும்.”